பாக்கிக் கணக்கு: குத்தகையும் கடனும் சேரியின் மனைக்கட்டும்



நிலத்தை விட்டுப் போய்விட்ட குத்தகைக்காரரிடமிருந்து பழைய பாக்கியை நிலவுடைமையாளர் எப்படி வசூலிப்பது? சட்டக் கல்லூரித் தேர்வுக்கு இது ஒரு சாதாரணக் கேள்வி. வழக்குத் தொடுக்கலாம், தீர்ப்பு வாங்கி ஜப்தி செய்யலாம், பாக்கி விழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் போகாவிட்டால் காலாவதியாகிவிடும் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். சேரியின் பக்கமிருந்து பார்த்தால் இந்தக் கேள்விக்கு இன்னொரு பாதி இருக்கிறது. தஞ்சையிலும் செங்கற்பட்டிலும் தென்னார்க்காட்டிலும் மூன்று ஆண்டுகளில் சாகவேண்டிய பாக்கி மூன்று தலைமுறைகள் உயிரோடிருந்தது. கொடுத்தவர் அதைத் திரும்ப வாங்க அவசரப்படவே இல்லை. அவசரப்படாததற்குக் காரணம் என்ன என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை கலம் என்று பேசிக்கொள்வது குத்தகை. கண்டுமுதலில் பங்கு பிரிப்பது வாரம். நிலத்தோடும் மிராசுதார் குடும்பத்தோடும் கட்டுண்டு வேலை செய்பவர் பண்ணையாள், தென்னார்க்காட்டில் படியாள். அரசாங்கக் காகிதங்கள் இம்மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் எழுதின. சேரியில் இவை ஒரே குடும்பத்துக்குள் கலந்து கிடந்தன. பண்ணையாளுக்கு உழுதுகொள்ள ஒரு துண்டு நிலம் உண்டு. வாரத்துக்கு உழுபவர் அறுப்புக் காலத்தில் அதே மிராசுதாருக்கு ஆளாகவும் போகவேண்டும். விதைநெல் கடன், கல்யாணக் கடன், சாவுக் கடன், ஆடி ஐப்பசிப் பஞ்சத்தில் வாங்கிய சாப்பாட்டு நெல் எல்லாம் ஒரே பேரேட்டில், ஒரே பெயரின் கீழ் ஏறின. குத்தகைப் பாக்கி எங்கே முடிகிறது, கைக்கடன் எங்கே தொடங்குகிறது என்பது காரியஸ்தருக்கு மட்டுமே தெரியும். அவருக்கும் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

நிலம் வைத்திருப்பவருக்கு வசூலைச் சுலபமாக்கிக் கொடுப்பதில் கம்பெனி அரசு தொடக்கத்திலிருந்தே அக்கறை காட்டியது. 1802ஆம் ஆண்டின் 28ஆவது ஒழுங்குமுறைச் சட்டம், நீதிமன்றப் படியேறாமலே குடியானவரின் விளைச்சலையும் உடைமையையும் ஜப்தி செய்யும் அதிகாரத்தை ஜமீன்தார் முதலான நிலவுடைமையாளர்களிடம் கொடுத்தது. 1865ஆம் ஆண்டின் 8ஆவது சட்டம் அதற்குக் கொஞ்சம் கடிவாளம் போட்டது. பட்டாவும் முச்சலிகையும் மாற்றிக்கொண்டிருந்தால்தான் பாக்கிக்கு நடவடிக்கை எடுக்க முடியும் என்றது. 1908இன் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் பகுதிக் குடியானவர்களுக்கு நிலத்தில் உரிமையைக் கொடுத்தது. ரயத்துவாரிப் பகுதியில், அதாவது தஞ்சை மிராசுதாரின் கீழ் உழுதவருக்கு, அந்த உரிமையும் இல்லை. பட்டா மிராசுதாரின் பெயரில் இருந்தது. அதன் கீழே வாய்மொழியாக உழுபவரை அரசாங்கத்தின் கணக்கு பார்க்கவே இல்லை. முச்சலிகை எழுதிக்கொடுக்கும் அளவுக்குக்கூட சேரி ஆள் ஒரு 'தரப்பு' ஆகவில்லை.

இனி உடம்புக்கு வருவோம். 1843இன் 5ஆவது சட்டம், அடிமை என்ற உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்கக்கூடாது என்றது. 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. இந்த இரண்டையும் நம் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே 1859இல் வந்த 13ஆவது சட்டத்தைப் பல புத்தகங்கள் தாண்டிப் போய்விடுகின்றன. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலைக்கு வராவிட்டால் முதலாளி நடுவரிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையை முடி என்று நடுவர் ஆணையிடலாம். ஆணையை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களின் உற்பத்தியாளர்களும் வணிகர்களும் நட்டப்படுகிறார்கள் என்பதே சட்டத்தின் முகவுரை சொன்ன காரணம். நகரங்களுக்கு வெளியேயும் அது விரிந்தது. தோட்ட முதலாளிகள் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1925இல்தான் நீக்கப்பட்டது.

இச்சட்டம் செய்த காரியம் நுட்பமானது. மற்ற யாருக்கும் கடன் என்பது சிவில் விவகாரம். வணிகர் வணிகருக்குக் கொடுக்காமல் போனால் சொத்தைத் தேடுவார்கள். சொத்தில்லாத உழைப்பாளி கொடுக்காமல் போனால் ஆளைத் தேடுவார்கள். அடிமை முறையைச் சட்டத்திலிருந்து விலக்கிய கையே முன்பணத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்தது. விலகிப் போனவரைத் திரும்பக் கொண்டுவர இனி 'என் அடிமை' என்று சொல்லத் தேவையில்லை. 'என் பாக்கி' என்றால் போதும்.

செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதிய குறிப்பை இங்கே பலரும் அறிவீர்கள். 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் அரசாணைக்கும் பஞ்சமி நிலங்களுக்கும் அதுவே வேர். நிலம் பற்றிய பகுதியைத்தான் நம் இயக்கங்கள் அதிகம் எடுத்தாள்கின்றன, அது நியாயமே. அந்தக் குறிப்பின் இன்னொரு பகுதியையும் மறுபடி படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சிறு தொகைக்காகத் தன்னையே ஈடாக எழுதிக்கொடுத்த பத்திரங்கள் அதில் பேசப்படுகின்றன. குடிசை நிற்கும் மண்ணும் மிராசுதாருடையது என்று உரிமை கொண்டாடப்பட்டதும் பேசப்படுகிறது. நம் பார்வையில் இரண்டும் ஒரே பூட்டின் இரண்டு பகுதிகள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவைப் பாருங்கள். கடனுக்காக ஜப்தி செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியல் அதில் உண்டு: உழவுக் கருவி, உழவு மாடு, விதைநெல், விவசாயிக்குச் சொந்தமாகி அவர் குடியிருக்கும் வீடு. கருணையுள்ள பட்டியல்தான். ஆனால் மாடு மிராசுதாருடையது, ஏர் மிராசுதாருடையது, விதைநெல் அவர் குதிரிலிருந்து வந்தது, வீடு அவர் மனையில் நிற்கிறது என்றால் சட்டம் எதைக் காப்பாற்றும்? சேரி வீட்டை ஜப்தி செய்ய ஆணை வேண்டியதில்லை. இடத்தைக் காலி செய் என்று ஒரு வாய்ச்சொல் போதும். பாக்கி கேட்டு நீதிமன்றம் போன மிராசுதாருக்குச் செலவும் காலாவதிக் கெடுவும் சாட்சியும் தேவைப்பட்டன. மனையை வைத்துக் கேட்டவருக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. நிலத்தை விட்ட பிறகும் ஒருவர் அந்த ஊரில் குடியிருக்கும்வரை அவர் முன்னாள் குத்தகைக்காரர் ஆகவே முடியாது.

ஊரை விட்டும் போய்விட்டால்? அண்ணனோ தம்பியோ அப்பாவோ ஊரில் இருப்பார்கள். பாக்கி அவர்கள் பெயருக்கு மாறும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர் 1916இல் மாணவர்களைக் கொண்டு கிராம ஆய்வுகள் நடத்தி 1918இல் நூலாக்கினார். தென்னார்க்காட்டு எருவெள்ளிப்பேட்டையின் படியாட்களைப் பற்றி அதில் பதிவாகியிருப்பது நம் பேச்சின் மையத்தைத் தொடுகிறது. வாங்கிய கடன் திருப்பிக் கொடுக்கப்படுவதே இல்லை. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது. நிலம் கைமாறும்போது ஆளும் சேர்ந்து கைமாறுகிறார். தண்டனைச் சட்டம் ஆள் விற்பனையைக் குற்றமாக்கி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு எழுதப்பட்டது இது. விற்றது கடனை மட்டும்தானே என்று சொல்லிவிடலாம்.

பத்திரம் ஆணின் பெயரில் இருக்கும். அதற்கு வட்டி கட்டியதில் பெரும்பகுதி பெண்ணின் உழைப்பு. மிராசுதாரின் மாட்டுக் கொட்டகையைக் கூட்டுவதும் நெல் அவிப்பதும் நடவுக்கு முதல் ஆளாக இறங்குவதும் கணக்கில் வரவாக ஏறியதில்லை. மாடு மேய்க்கப் போன சிறுவனின் நாட்களும் அப்படியே. செலவுப் பக்கம் மட்டும் ஒழுங்காக எழுதப்பட்ட பேரேடு அது. சமூகவியல் வகுப்பில் இந்த உறவுக்குப் 'புரவலர் ஆதரவு' என்றும் 'பரஸ்பரக் கடமை' என்றும் பெயர் சொல்லிக் கொடுக்கிறார்கள். பஞ்ச காலத்தில் மிராசுதார் நெல் கொடுத்தார் என்பது உண்மை. கொடுத்த நெல்லை எழுதி வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாடம் முழுமையாகும்.

இந்தப் பாக்கியிலிருந்து தப்பக் கப்பலேறியவர்கள் உண்டு. போன இடத்தில் பாக்கி அவர்களுக்கு முன்பே போய்க் காத்திருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய கங்காணி வழிச்செலவையும் முன்பணத்தையும் தொழிலாளியின் பெயரில் எழுதினார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கொடுத்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் பழைய தோட்டத்துக்குப் பணத்தைக் கட்டும். தொழிலாளியின் தலையில் அதே கடன், ஆண்டை மட்டும் வேறு. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இது நடந்தது. தஞ்சையின் பேரேட்டையும் கண்டியின் துண்டையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும். பழைய கடனை அடைத்துப் புது ஆண்டை ஆளை எடுத்துக்கொள்வது நம் கிராமங்களுக்குப் பழக்கமான ஏற்பாடு; தோட்டம் அதைக் காகிதமாக்கியது.

கடன் நிவாரணச் சட்டங்கள் வரவில்லையா என்று கேட்கலாம். 1938இல் இராஜாஜி அமைச்சரவை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வட்டியைக் குறைத்தது, பழைய பாக்கிகள் சிலவற்றைத் தள்ளியது. பலன் பெறத் தகுதியுள்ள 'விவசாயி' யார் என்று அச்சட்டம் வரையறுத்தபோது நிலத்தில் ஏதாவது ஓர் உரிமையுள்ளவரையே கணக்கில் எடுத்தது. நிலமே இல்லாத, கடன் மட்டுமே இருந்த பண்ணையாள் விவசாயி ஆகவில்லை. வட்டிக்காரரிடம் மிராசுதார் பட்ட கடன் இளகியது. மிராசுதாரிடம் பண்ணையாள் பட்ட கடன் அப்படியே நின்றது.

அதற்கும் முன்பே, 1920களில் தொழிலாளர் துறை சேரி மக்களுக்கு மனைகளைக் கையகப்படுத்தித் தர முயன்றதை இங்கே நினைவுகூரலாம். தஞ்சையில் கூட்டுறவுச் சங்கம் வழியாகக் கடன் கொடுத்து, தவணையில் திரும்ப வாங்கினார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணுக்கு விலைகொடுக்க மறுபடியும் கடன்! ஆனாலும் அந்தக் கடனுக்கு முடிவு இருந்தது. கடைசித் தவணை என்று ஒன்று இருந்தது. அந்த வேறுபாட்டைச் சேரி நன்றாகப் புரிந்துகொண்டது.

1940களில் பி. சீனிவாசராவ் முதலான தோழர்களின் தலைமையில் கீழத்தஞ்சையில் செங்கொடிச் சங்கம் வளர்ந்தது. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்தது. 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. பிறகு அதே ஆண்டின் 14ஆவது சட்டமாயிற்று. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு மேல், நிலம் வைத்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தியது. அதற்குப் பிறகு நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். மிராசுதார்கள் பண்ணையாட்களை விலக்கித் தினக்கூலிகளாக மாற்றத் தொடங்கினார்கள். தலைமுறைக் கடனுக்கு ஈடாகத்தான் இந்த ஆள் என் கொல்லையில் நிற்கிறான் என்று அதுவரை சொல்லிவந்தவர்கள், ஆளுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தவுடன் அவரை அனுப்பிவிடத் தயாரானார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது கட்டுண்ட ஆள். கட்டு போனபின் கடனை வைத்து என்ன செய்வது?

1955இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வெளியேற்றத்தைத் தடுத்தது. 1953 டிசம்பர் 1 அன்று நிலத்தில் இருந்து, பிறகு வெளியேற்றப்பட்டவருக்கு நிலத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் கொடுத்தது. முன்னாள் குத்தகைக்காரர் ஒருவர் நிலத்தைக் கேட்டுத் திரும்பி வரலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட அரிய இடம் இது. ஆனால் அதே சட்டத்தில் வெளியேற்றத்துக்கு ஒரு வாசல் திறந்தே இருந்தது. அது பாக்கி. கெடு கடந்தும் குத்தகை செலுத்தாதவரை வெளியேற்ற வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம். மிராசுதார் வாங்க மறுத்தால் குத்தகையை அவரிடமோ நீதிமன்றத்திலோ கட்டிவிடலாம் என்ற பாதுகாப்பும் உண்டு. ரசீதே வாங்கிப் பழகாதவருக்கு அந்த வழி தெரிய எத்தனை காலமாகும்! ரசீது கேட்பதே எதிர்த்துப் பேசுவதாகக் கருதப்பட்ட ஊர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

1956இன் நியாயக் குத்தகைச் சட்டம் நஞ்சையில் நிலவுடைமையாளருக்குச் சேரவேண்டியது கண்டுமுதலில் 40 சதவீதம் என்றது. இறைத்துப் பாய்ச்சும் நிலத்துக்கு 35, மற்றதற்கு மூன்றில் ஒரு பங்கு. பிற்காலத்தில் இது 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நஞ்சை நிலத்தில் கண்டுமுதல் 20 கலம் என்று வையுங்கள். வாய்மொழிக் குத்தகை 13 கலம். உழுதவர் 10 கலம் அளந்தார். பேரேட்டில் ஆண்டுக்கு 3 கலம் பாக்கி. ஐந்து ஆண்டில் 15 கலம். இனிச் சட்டத்தின் அளவில் பார்ப்போம். 20 கலத்தில் 40 சதவீதம் 8 கலம். உழுதவர் ஆண்டுதோறும் 2 கலம் கூடுதலாக அளந்திருக்கிறார். ஐந்து ஆண்டில் 10 கலம். பேரேட்டின்படி உழுதவர் 15 கலம் பாக்கிக்காரர். சட்டத்தின்படி மிராசுதார் 10 கலம் கூடுதலாக வாங்கியவர். யார் யாருக்குப் பாக்கி? பாக்கிப் பேச்சு வரும்போதெல்லாம் 'எவ்வளவு' என்று கேட்பதற்கு முன்பு 'எந்தக் கணக்கின்படி' என்று கேட்கவேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் குத்தகைக்காரர் என்று முதலில் நிரூபிக்கவேண்டும். அதற்காகத்தான் 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. பெயரைப் பதியப் போனவரிடம் ஆண்டை கேட்ட முதல் கேள்வி 'பாக்கியை எப்போது தீர்க்கப்போகிறாய்' என்பதாகத்தான் இருக்கும். வாய்மொழியாக உழுதவர்களில் பலர் பதிவேட்டுக்கு வெளியே நின்றார்கள்; அதில் சாதி இந்துச் சிறு குத்தகைக்காரர்களும் உண்டு, சேரி மக்கள் அதிகம். 1972இல் வந்த பாக்கி நிவாரணச் சட்டம், நடப்புக் குத்தகையைச் செலுத்தினால் பழைய பாக்கி தீர்ந்ததாகக் கொள்ளும் என்றது. பதிவேட்டில் பெயரில்லாதவருக்கு அந்த நிவாரணத்தைக் கேட்டு வாங்குவது எளிதாக இருந்திருக்காது.

மனைக்கட்டின் பூட்டு தனியாக உடைந்தது. 1961இன் குடியிருப்புச் சட்டம் வெளியேற்றத்தைத் தடுத்தது. 1971இன் 40ஆவது சட்டம் குடியிருப்பை அங்கே வாழ்ந்தவருக்கே சொந்தமாக்கியது. இரண்டுக்கும் நடுவே 1968 டிசம்பர் 25 இருக்கிறது, வெண்மணியின் 44 உயிர்கள் இருக்கின்றன. கூலி உயர்வும் கொடியும்தான் அந்தக் கொடுமையின் உடனடிக் காரணங்கள். கூலிக்காக ஒரு சேரி தலைநிமிர்ந்து கேட்க முடிந்ததே பழைய கட்டு தளர்ந்துவிட்டதைக் காட்டியது; ஆண்டைகளுக்குப் பொறுக்காதது அதுதான். இத்தனை சட்டங்களில் சேரியின் அன்றாடத்தை அதிகம் மாற்றியது எது என்று கேட்டால், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் நாம் சொல்வோம். நிலம் கிடைக்காவிட்டாலும் நிற்க இடம் சொந்தமானது. 'காலி செய்' என்ற சொல் பல்லிழந்தது.

1976இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை வழக்கறிஞர் தோழர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். மூன்று பிரிவுகளை மட்டும் சொல்கிறோம். 6ஆவது பிரிவின்படி கொத்தடிமைக் கடன் அழிந்துவிட்டது; அதற்காக எந்த நீதிமன்றத்திலும் வழக்கில்லை. 8ஆவது பிரிவின்படி விடுவிக்கப்பட்டவரை அவர் குடியிருந்த மனையிலிருந்து வெளியேற்ற முடியாது. கடனையும் மனையையும் சட்டம் கடைசியில் ஒன்றாகப் பார்த்துவிட்டது. 15ஆவது பிரிவின்படி, இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. 1859இல் முதலாளியின் முறையீட்டின் பேரில் உழைப்பாளி நடுவர் முன் நிறுத்தப்பட்டார். 117 ஆண்டுகள் கழித்து பேரேட்டுக்காரர் பதில் சொல்லவேண்டியவரானார்.

அழிந்த கடனுக்குப் பணம் வாங்குவதே குற்றம் என்றும் இச்சட்டம் சொல்கிறது. ஆனாலும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட குடும்பங்களை மீட்கும்போது 'பாதியாவது கொடுத்துவிட்டுப் போகட்டும்' என்று பேசி முடிப்பது இன்னும் நடக்கிறது. பேசி முடிக்க உட்காருபவர்களில் நம் நண்பர்களும் உண்டு. சமாதானத்துக்காகச் செய்கிறோம் என்கிறார்கள். சட்டப்படி அந்தப் பாதியைக் கொடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கோயில், மடம், அறக்கட்டளை நிலங்கள் இன்னொரு களம். இவற்றுக்கு 1961இன் பொது அறக்கட்டளைகள் சட்டம் உண்டு. பாக்கிக்காக வெளியேற்றும் மனு வருவாய் நீதிமன்றத்துக்குப் போகும். பதிவேட்டில் ஊர்ப் பெரியவர் ஒருவரின் பெயர் இருக்கும், சேற்றில் நிற்பவர் வேறொருவராக இருப்பார். உழுபவர் பெரியவருக்கு அளப்பார்; பெரியவர் கோயிலுக்குக் கட்டமாட்டார்; பாக்கி ஏறும்; வெளியேற்ற ஆணை வரும். ஆணையில் பெயர் இல்லாதவர்தான் நிலத்தை இழப்பார். கோயில் சொத்தை மீட்கிறோம் என்ற முழக்கம் பலமாகக் கேட்கும் காலம் இது. பாக்கிக்காரர் பட்டியல் வெளியாகும்போது, உண்மையில் உழுதவர் யார், அவர் யாரிடம் எவ்வளவு கொடுத்தார் என்ற விசாரணையையும் சேர்த்துக் கேட்கும் வேலை நம்முடையது.

மாணவ நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. மிராசு வீடுகளின் பேரேடுகள் பழைய காகிதமாக எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் சிலர் உங்களோடு படிக்கிறார்கள். கேட்டால் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கிடைத்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படமெடுத்து வையுங்கள். பெயருக்கு எதிரே எழுதிய பாக்கியை மட்டும் பார்க்காதீர்கள். நெல் எந்த மரக்காலால் அளக்கப்பட்டது, வரவுப் பக்கத்தில் பெண்களின் வேலை நாட்கள் ஒன்றாவது ஏறியிருக்கிறதா, தகப்பன் பெயரை அடித்து மகன் பெயரை எழுதியது எந்த ஆண்டில் என்று பாருங்கள். பிறகு சேரிக்குப் போய், அந்தப் பெயர்களின் வீட்டில், அவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.